டெஸ்க்டாப்புக்கு யூஎஸ்பி ஹப்: எதை வாங்குவது, எதை அதில் சொருகக் கூடாது

கேள்வி இது: பத்து வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், எச்81 மதர்போர்டு. பின்னால் நான்கு யூஎஸ்பி போர்ட் (இரண்டு நீலம், இரண்டு கறுப்பு), முன்னால் இரண்டு. சொருக வேண்டியவை கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், வெப்கேம், வைஃபை டாங்கிள், 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட்டிஸ்க், மகள் வரைகிற டிராயிங் டேப்லட், அவ்வப்போது ஒரு பென்டிரைவ். இடம் போதவில்லை என்று முந்நூறு ரூபாய்க்கு நான்கு போர்ட் ஹப் ஒன்று வாங்கினீர்கள். அதில் ஹார்ட்டிஸ்க்கைச் சொருகினால் ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வந்து, டிரைவ் தோன்றி மறைகிறது. ‘என் மதர்போர்டுக்குப் பொருந்துகிற ஹப் எது?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலுக்கு முன்னால் ஒரு வேலை. அந்த ஹார்ட்டிஸ்க்கை இப்போதே ஹப்பிலிருந்து கழற்றி, சிபியுவின் பின்பக்கம் உள்ள நீலப் போர்ட்டில் நேராகச் சொருகுங்கள். மீதியை அதற்கப்புறம் படிக்கலாம். அந்த ‘டிக்’ சத்தம், தட்டு முழு வேகத்துக்கு வருவதற்குள் கரண்ட் போதாமல் போய், படிக்கும் தலை மறுபடி தன் இடத்துக்குத் திரும்புகிற சத்தம். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால், எழுதிய ஃபைல் மட்டும் கெடாது. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையே கெட்டுப்போகும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விருதுநகர் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரர் தன் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அடாப்டர் இல்லாத ஹப்பில் ஹார்ட்டிஸ்க்கையும் கார்டு ரீடரையும் பக்கத்துப் பக்கத்தில் சொருகி வைத்திருந்தார். கார்டு ரீடரில் மெமரி கார்டைப் போட்டவுடன் ஹார்ட்டிஸ்க் ஒரு நொடி காணாமல் போகும், பிறகு வரும். இரண்டு மாதம் இப்படியே ஓட்டியிருக்கிறார். ஒருநாள் டிரைவைத் திறந்தால், ‘ஃபார்மட் செய்ய வேண்டுமா?’ என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. என்னிடம் கொண்டுவந்தபோது டிஸ்க்கைச் சோதித்தேன். அதில் ஒரு குறையும் இல்லை, ஒரு செக்டர்கூடக் கெடவில்லை. பெரும்பாலான படங்களை மீட்க முடிந்தது. ஆனால் ஒரு வீட்டின் முகூர்த்தப் படங்கள் இருந்த ஃபோல்டர் மட்டும் வரவே இல்லை. அந்த வீட்டாரிடம் அவர் போய் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். அத்தனைக்கும் மூலம் ஒரு சின்ன ஹப்.

சரி, கேள்விக்கு வருவோம். ‘மதர்போர்டுக்குப் பொருந்துமா’ என்ற கவலையை விட்டுவிடலாம். யூஎஸ்பி 1996-இல் வந்ததே, எந்தக் கம்பெனி எதைச் செய்தாலும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பதற்காகத்தான். 2000-இல் 2.0 வந்தது, 2008-இல் 3.0 வந்தது, அப்புறம் 3.1, 3.2, யூஎஸ்பி4 என்று நீண்டது. சாதாரண செவ்வகப் போர்ட்டைப் பொறுத்தவரை, புது ஹப் பழைய கம்ப்யூட்டரில் வேலை செய்யும், பழைய ஹப் புதுக் கம்ப்யூட்டரில் வேலை செய்யும். வேகம் மட்டும் இரண்டில் குறைந்தது எதுவோ அதற்கு இறங்கிவிடும். ஹப்புக்கென்று தனி டிரைவர்கூட வேண்டாம். விண்டோஸ் 7-இல் மட்டும் நீலப் போர்ட்டுக்கு, அதாவது 3.0 போர்ட்டுக்கு, மதர்போர்டின் யூஎஸ்பி 3.0 டிரைவரைப் போட்டிருக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் அதுவும் உள்ளேயே வந்துவிட்டது.

ஆகவே பார்க்க வேண்டியது, நீங்கள் அதில் சொருகப்போகும் பொருட்களுக்கு ஹப் பொருந்துமா என்பதைத்தான். அதற்கு முதலில் கரண்ட் கணக்குப் போட வேண்டும்.

யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தர வேண்டிய அளவு 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்ப். 3.0 போர்ட் என்றால் 900 மில்லி ஆம்ப். அடாப்டர் இல்லாத ஹப்புக்குத் தனியாக ஊற்று எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரின் ஒரே போர்ட்டிலிருந்து வருகிற அந்த 500-ஐயோ 900-ஐயோதான் நான்காகப் பிரித்துத் தர வேண்டும். யூஎஸ்பி விதிப்படி, அடாப்டர் இல்லாத 2.0 ஹப் தன் போர்ட் ஒவ்வொன்றிலும் 100 மில்லி ஆம்ப் தருவதாகத்தான் வாக்குக் கொடுக்கிறது, 3.0 ஹப் 150. விலை குறைந்த ஹப்கள் இந்த விதியையெல்லாம் பார்ப்பதில்லை, வருவதை அப்படியே திறந்து விட்டுவிடும். அதனால்தான் சில நாள் வேலை செய்வது போலத் தெரியும். எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இனி உங்கள் பொருட்கள். கீபோர்டும் மவுஸும் ஒன்றுக்கு 100 மில்லி ஆம்ப் என்று வைத்துக்கொள்ளலாம், உண்மையில் அதைவிடக் குறைவாகவே எடுக்கும். வெப்கேமும் வைஃபை டாங்கிளும் வேலை மும்முரத்தில் 500 வரை கேட்கலாம். பென்டிரைவ் எழுதும்போது 200, 300. டிராயிங் டேப்லட், திரை இல்லாத வகை என்றால், ஒரு கீபோர்டைவிட அதிகம் எடுக்காது. பிரிண்டருக்குத் தனி மின் இணைப்பு இருப்பதால் யூஎஸ்பியிலிருந்து அது ஏறக்குறைய ஒன்றும் எடுப்பதில்லை. போர்ட்டபிள் ஹார்ட்டிஸ்க்தான் பெருந்தீனிக்காரன். ஓடிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் தட்டு சுழலத் தொடங்குகிற முதல் சில நொடிகளில் 900 மில்லி ஆம்ப் வரை, சில சமயம் அதற்கும் மேல் இழுக்கும். உங்கள் முந்நூறு ரூபாய் ஹப்பில் இதற்கு வழியே இல்லை. டிஸ்க்கும் கெடவில்லை, மதர்போர்டும் கெடவில்லை.

இதையே இன்னும் துல்லியமாகப் பார்க்க ஆசை இருந்தால், விண்டோஸுக்கு ‘யூஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர்’ என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. சொருகியிருக்கும் ஒவ்வொரு பொருளும் அதிகபட்சம் எத்தனை மில்லி ஆம்ப் கேட்கிறது, எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று மரம் போலக் கிளை கிளையாகக் காட்டும்.

கடைக்குப் போகும் முன் இன்னொன்று பாருங்கள். ஹப் விற்பவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். உங்களிடம் இருப்பது லேப்டாப் அல்ல, டெஸ்க்டாப். லேப்டாப்காரருக்கு ஹப்பை விட்டால் வேறு கதியில்லை. உங்களுக்கு சிபியுவுக்குள்ளேயே இடம் இருக்கிறது. எச்81 சிப்செட் மொத்தம் பத்து யூஎஸ்பி போர்ட் தாங்கும், இரண்டு 3.0, எட்டு 2.0. பின்பக்கம் நான்கு தெரிகிறது. முன்பக்க இரண்டும் மதர்போர்டில் உள்ள ஒன்பது பின் ஹெட்டர் (ஒயர் மாட்டுவதற்காக நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிக் கூட்டம்) ஒன்றிலிருந்து ஒயர் வழியாக வருகின்றன. இந்த வகை போர்டுகளில் பெரும்பாலும் அப்படி இன்னொரு ஹெட்டர் அதன் பக்கத்திலேயே சும்மா இருக்கும். அதில் மாட்டி, சிபியுவின் பின்னால் கார்டு செருகும் பட்டையில் திருகிக்கொள்ளும் ‘யூஎஸ்பி பிராக்கெட்’ சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சென்னை என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பார்கள், மற்ற ஊர்களில் பழைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் ஒரு டப்பா நிறையக் கிடக்கும். அது உங்களுக்கு இரண்டு 2.0 போர்ட் கூட்டித் தரும்.

மாட்டும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. மின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து இடம், ஒரு மூலையில் மட்டும் பின் இருக்காது. பக்கத்திலேயே ‘எஃப் யூஎஸ்பி’ அல்லது ‘ஜே யூஎஸ்பி’ என்று அச்சிட்டிருக்கும். அதைப் படித்த பிறகே மாட்டுங்கள். ஏனென்றால் இதே அளவில், இதே ஒன்பது பின்னோடு, ‘காம்’ என்று எழுதிய சீரியல் போர்ட் ஹெட்டர் ஒன்றும் பல போர்டுகளில் இருக்கிறது. அதில் காலியான மூலை வேறு, வருகிற வோல்டேஜும் வேறு. ஒரே துண்டாக இருக்கும் பிளக் தவறான இடத்தில் எளிதில் இறங்காது. ஆனால் மலிவான பிராக்கெட்டுகளில் பிளக் இரண்டு தனித்தனி துண்டாக வரும், அது எங்கே வைத்தாலும் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் மாட்டுகிற பொருள் போய்விடும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே ஆறு, பிராக்கெட்டில் இரண்டு, ஆக எட்டு. உங்கள் பட்டியலிலும் எட்டுப் பொருள்தான். கீபோர்டு பழைய வட்ட பின் வகை என்றால், பின்னால் உள்ள ஊதா அல்லது ஊதா-பச்சை வட்டத் துளையில் அதை மாட்டி இன்னொரு போர்ட்டை மிச்சப்படுத்தலாம். ஒரு ஹப்பும் வாங்காமல் காரியம் முடிந்துவிடும்.

ஆனாலும் ஹப் வேண்டும் என்று சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிபியு மேசைக்குக் கீழே கிடக்கும், ஒவ்வொரு முறையும் குனிந்து, தூசியில் கையை விட்டு, துளையைத் தேடுவது முதுகுக்கு ஆகாது. மகள் டேப்லட்டைக் கழற்றி மாட்ட, பென்டிரைவ் போட, மேசை மேல் கைக்கெட்டும் தூரத்தில் நான்கு துளை இருந்தால் சௌகரியம். அதற்காக வாங்குவதென்றால் நான் சொல்வது இதுதான்: யூஎஸ்பி 3.0, நான்கு போர்ட், சொந்த அடாப்டர் உள்ளது, கேபிள் ஒரு மீட்டருக்குக் குறையாதது.

ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

3.0 எதற்கு? 2.0-வின் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட் என்று போட்டிருந்தாலும், ஃபைல் நகலெடுக்கும்போது கையில் கிடைப்பது விநாடிக்கு 35 மெகாபைட் அளவுதான். 3.0-வில் அதே ஹார்ட்டிஸ்க் 120 வரை போகும், அதுவும் டிஸ்க்கின் வரம்புதான், கேபிளின் வரம்பு அல்ல. 50 ஜிபி வீடியோவை நகலெடுக்க முதலாவதில் ஏறக்குறைய 24 நிமிடம், இரண்டாவதில் 7 நிமிடம். பெட்டியில் 3.0 என்று போட்டிருந்தாலும், 3.1 ஜென் 1 என்று போட்டிருந்தாலும், 3.2 ஜென் 1 என்று போட்டிருந்தாலும் மூன்றும் ஒன்றே, விநாடிக்கு 5 கிகாபிட். பெயர் மாற்றி மாற்றி வைத்ததால் புதிது என்று நினைத்துக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 10 கிகாபிட் ஹப் வாங்கினாலும் உங்கள் நீலப் போர்ட் 5-க்கு மேல் தராது.

ஏமாறுகிற இடம் இதுதான். ‘யூஎஸ்பி 3.0 ஹப்’ என்று பெரிதாக எழுதி, உள்ளே ஒரு போர்ட் மட்டும் 3.0, மற்ற மூன்றும் 2.0 என்று வருகிற ஹப்கள் நிறைய விற்கின்றன. நீல நிறத்தை நம்பாதீர்கள், பிளாஸ்டிக்குக்கு எந்த நிறமும் கொடுக்கலாம். போன் டார்ச்சை அடித்துப் போர்ட்டின் உள்ளே பாருங்கள். 2.0-வில் நாக்கின் மேல் நான்கு தகடு மட்டும் இருக்கும். 3.0 என்றால் அந்த நான்கோடு இன்னும் ஐந்து சிறிய தகடு இருக்க வேண்டும், மொத்தம் ஒன்பது. சொருகும் பிளக்கிலும் அப்படியே, முன்னால் ஒரு வரிசை, ஆழத்தில் இன்னொரு வரிசை. இதனால் ஒரு விநோதமும் உண்டு. மெதுவாக, தயங்கித் தயங்கிச் சொருகினால் முன்வரிசை மட்டும் முதலில் தொட்டு, கம்ப்யூட்டர் அதை 2.0 என்றே முடிவு செய்துவிடும். ஹார்ட்டிஸ்க் திடீரென்று மெதுவாகிவிட்டது என்று புகார் வந்தால் நான் முதலில் செய்வது, கழற்றி ஒரே மூச்சில் மறுபடி சொருகுவது. பாதிப் புகார் அதிலேயே தீர்ந்துவிடும்.

3.0 ஹப் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாத செய்தி ஒன்றும் இருக்கிறது. அது உண்மையில் ஒரே பெட்டிக்குள் இரண்டு ஹப். 3.0 பொருட்களுக்கு ஒன்று, 2.0 பொருட்களுக்கு ஒன்று, இரண்டும் தனித்தனி ஒயரில் கம்ப்யூட்டர் வரை போகின்றன. டிவைஸ் மேனேஜரில் ஒரு ஹப் சொருகினால் இரண்டு ஹப் தெரிவது இதனால்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆகவே 3.0 ஹப்பில் பழைய மவுஸைச் சொருகினால் பக்கத்தில் உள்ள 3.0 டிஸ்க்கின் வேகம் குறைந்துவிடும் என்பது தவறான பேச்சு. ஆனால் 2.0 பொருட்கள் எல்லாம் சேர்ந்து அந்த ஒரே 480 மெகாபிட்டைத்தான் பங்கு போடுகின்றன. வெப்கேம் படம் தடைபடக் கூடாது என்று தனக்கென்று ஒரு பங்கை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரே ஹப்பில் இரண்டு வெப்கேம் போட்டால் இரண்டாவது கறுப்பாக நிற்பது இதனால்தான். உங்களுக்கு ஒன்றுதான், பிரச்சினையில்லை.

நான்கு போர்ட் போதும் என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. ஹப் சிப்புகளில் பெரும்பாலானவை நான்கு போர்ட்டுக்குச் செய்யப்பட்டவை. ஏழு போர்ட் ஹப் என்பது பல சமயம் ஒரு நான்கு போர்ட் சிப்பின் ஒரு கிளையில் இன்னொரு நான்கு போர்ட் சிப்பை மாட்டியது. தவறில்லை, ஆனால் பின்னால் உள்ள நான்கு துளைகளும் ஓர் அடுக்கு கீழே போகின்றன. யூஎஸ்பியில் கம்ப்யூட்டருக்கும் கடைசிப் பொருளுக்கும் நடுவே ஐந்து ஹப் வரைதான் அடுக்கலாம். நடைமுறையில் மூன்றாவதிலேயே தகராறு தொடங்கும். ஒரு கன்ட்ரோலருக்கு (மதர்போர்டில் யூஎஸ்பியைக் கவனிக்கும் பகுதி) 127 பொருள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் இன்டெலின் பல கன்ட்ரோலர்களில் 96 ‘எண்ட்பாயிண்ட்’ (பொருளும் கம்ப்யூட்டரும் தகவல் பரிமாறும் தனி வழி) என்ற வரம்பு அதற்கு வெகு முன்பே வந்துவிடும், ஏனென்றால் ஒரு வெப்கேமோ ஹெட்செட்டோ ஒரே பொருளாகவே பல எண்ட்பாயிண்ட்டை எடுத்துக்கொள்ளும். ‘கன்ட்ரோலர் ரிசோர்ஸ் போதவில்லை’ என்று விண்டோஸ் சொன்னால் அர்த்தம் அதுதான், ஹப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த நிலை வருவது அரிது.

அடாப்டருக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் நேரம் செலவழித்தே ஆக வேண்டும். வெப்கேம் 500, பென்டிரைவ் 300, டேப்லட் 100, இன்னொரு துளைக்கு வருங்காலத்தில் ஒரு 900. மொத்தம் 1.8 ஆம்ப். 5 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் இதைக் காகிதத்தில் தாங்கும், ஆனால் மூச்சு வாங்கும். 5 வோல்ட் 3 ஆம்ப், அல்லது 12 வோல்ட் 2 ஆம்ப் கொடுத்து ஹப்புக்குள்ளேயே 5 வோல்ட்டாக இறக்குகிற வகை என்றால் நிம்மதி. அடாப்டரின் மேல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் அதன் கீழ் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். கம்ப்யூட்டர் சாதனங்களுக்கான அடாப்டர்களுக்கு இந்தியாவில் அது கட்டாயம். ‘அடாப்டர் தனியாக வாங்கிக்கொள்ளலாம், துளை இருக்கிறது’ என்று விற்கிற ஹப்பை நான் தொடுவதில்லை. வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர் அந்தத் துளையில் அழகாகப் பொருந்திவிடும், 5 வோல்ட் எதிர்பார்க்கிற ஹப்போடு அதில் சொருகிய அத்தனையும் போய்விடும்.

அடாப்டரை எங்கே சொருகுவது? யூபிஎஸ்ஸில். இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, ஆனால் நம் ஊரில் இது மிக முக்கியம். சிபியுவும் மானிட்டரும் யூபிஎஸ்ஸில் இருக்கும், ஹப் அடாப்டர் மட்டும் சுவரில் இருக்கும். கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டர் அசையாமல் ஓடும், ஹப் மட்டும் உயிர் போய் மீண்டும் விழிக்கும். அதில் சொருகிய டிஸ்க் எழுதிக்கொண்டிருந்தால், நான் மேலே சொன்ன ஸ்டூடியோ கதைதான். யூபிஎஸ்ஸில் துளை போதவில்லை என்றால் ஸ்பீக்கரைச் சுவருக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று என் சொந்த மேசையில் நடந்தது. அடாப்டர் உள்ள ஹப் ஒன்று வாங்கினேன், வேலையெல்லாம் நன்றாகத்தான் செய்தது. இரவு கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, எஸ்எம்பிஎஸ்ஸின் (சிபியுவுக்கு மின்சாரம் தரும் பெட்டி) பின்னால் உள்ள சுவிட்சையும் அணைத்த பிறகு, கீபோர்டின் நம்பர் லாக் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. கரண்டே இல்லாத பெட்டியில் விளக்கு எப்படி எரியும்? ஹப்பின் அடாப்டரிலிருந்து 5 வோல்ட், ஒயர் வழியாகப் பின்னோக்கி ஏறி மதர்போர்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் காலையில் சில நாள் ஒழுங்காக எழாமல் முரண்டு பிடித்ததற்கும் காரணம் அதுவே. விதிப்படி இப்படிப் பின்னோட்டம் இருக்கவே கூடாது, அதைத் தடுக்க ஹப்பில் ஒரு பாகம் இருக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிடுகிறார்கள். புது ஹப் வந்த அன்றே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: ஹப் அடாப்டர் ஓடட்டும், கம்ப்யூட்டரை முழுதாக அணைத்து எஸ்எம்பிஎஸ் சுவிட்சையும் அணையுங்கள். ஒரு நிமிடம் கழித்து மதர்போர்டிலோ, நேரடியாகச் சொருகிய கீபோர்டிலோ மவுஸிலோ ஏதாவது விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் ஹப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஹப் அடாப்டர் ஓடும்போதே ஹப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, கம்ப்யூட்டரில் சொருகும் பிளக்கின் இரண்டு ஓரத் தகடுகளுக்கு நடுவே அளந்தால் போதும். 5 வோல்ட் காட்டினால் பின்னோட்டம் இருக்கிறது.

கேபிள் ஒரு மீட்டர் என்று கேட்டேன். லேப்டாப்புக்காகச் செய்த ஹப்களில் ஒரு ஜாண் ஒயர்தான் வரும், மேசைக்குக் கீழே உள்ள சிபியுவிலிருந்து அது அந்தரத்தில் தொங்கும், அந்த எடையே போர்ட்டை நாளடைவில் தளர்த்திவிடும். எக்ஸ்டென்ஷன் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், 3.0-வில் ஒவ்வொரு இணைப்பும் சிக்னலைக் கொஞ்சம் தின்னும். 3.0-க்கு மொத்த நீளம் 3 மீட்டருக்குள் இருக்கட்டும், நடுவே ஒட்டு இல்லாமல் இருப்பது நல்லது. ஹப் பக்கத்திலும் கழற்றி மாட்டும் கேபிள் என்றால் இன்னும் நல்லது, பழுதானால் கேபிளை மட்டும் மாற்றலாம். 3.0-வின் சதுர பிளக்குக்குத் தலையில் ஒரு சிறு திமில் இருக்கும், பார்த்தாலே தெரியும்.

ஹப்பை முன்பக்கப் போர்ட்டில் சொருகாதீர்கள். அது கேபினட்டுக்குள் ஒரு மெல்லிய ஒயரில் வருகிறது, பின்பக்கப் போர்ட் மதர்போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியது. உங்கள் போர்டில் முன்பக்கம் 2.0 வேறு. ஹப் பின்பக்க நீலத்தில்தான் உட்கார வேண்டும்.

வைஃபை டாங்கிள் விஷயம். 3.0 ஓடும்போது அதன் ஒயரும் பிளக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும். 2012-இல் இன்டெலே இதை அளந்து வெளியிட்டது. வைஃபையின் பழைய அலைவரிசையும் வயர்லெஸ் மவுஸும் அங்கேதான் வேலை செய்கின்றன. ஹார்ட்டிஸ்க்கில் பெரிய ஃபைல் நகலெடுக்கும்போது மட்டும் மவுஸ் துள்ளுகிறது, நெட் இழுக்கிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம். டாங்கிளை ஹப்பிலோ ஹார்ட்டிஸ்க் பக்கத்திலோ வைக்காமல், முன்பக்கப் போர்ட்டில், முடிந்தால் ஒரு சிறு 2.0 எக்ஸ்டென்ஷன் ஒயரில் தள்ளி வையுங்கள்.

டைப்-சி, எச்டிஎம்ஐ, கார்டு ரீடர் எல்லாம் சேர்ந்த ‘மல்டிபோர்ட்’ ஹப்பை யாராவது காட்டினால் கை வைக்காதீர்கள். அதில் எச்டிஎம்ஐ வேலை செய்ய, கம்ப்யூட்டரின் டைப்-சி போர்ட் வழியாகவே படமும் வர வேண்டும். உங்களுக்கு டைப்-சி போர்ட்டே இல்லை. நடுவே ஒரு மாற்றி போட்டுச் சொருகினால் மற்ற துளைகள் வேலை செய்யும், படம் வராது. புது டெஸ்க்டாப்களில்கூட டைப்-சி இருந்தும் படம் வராத போர்டுகள் ஏராளம்.

ஆக, உங்கள் மேசையை நான் இப்படி அமைப்பேன். பின்பக்க நீலம் ஒன்றில் ஹார்ட்டிஸ்க், நேராக. மற்ற நீலத்தில் ஹப். கறுப்பு இரண்டில் கீபோர்டும் மவுஸும். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங் திரை) போக வேண்டிய நாளில் கீபோர்டு ஹப்பில் இருந்தால் சில போர்டுகள் கண்டுகொள்ளாது. விண்டோஸ் இன்ஸ்டால் செய்கிற பென்டிரைவையும் அதே காரணத்துக்காக நேராகவே சொருகுங்கள். முன்பக்கம் வைஃபை. பிராக்கெட் போட்டால் அதில் பிரிண்டர், போடாவிட்டால் முன்பக்கத்து இன்னொரு துளையில் பிரிண்டர். மேசை மேல் ஹப்பில் வெப்கேம், டேப்லட், பென்டிரைவ், ஒன்று காலி. டிஸ்க்கை ஹப்பில் போட்டே ஆக வேண்டிய அவசரம் வந்தால், அடாப்டர் உள்ள ஹப் என்பதால் தாங்கும். ஆனால் தினசரி அங்கே வைக்காதீர்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு விண்டோஸின் பவர் ஆப்ஷனில் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை நிறுத்தி வையுங்கள். மின்சாரம் மிச்சப்படுத்த என்று விண்டோஸ் ஹப்பைத் தூங்க வைத்து, எழுப்ப மறந்துவிடுகிற கதை டெஸ்க்டாப்புக்குத் தேவையில்லை.

பிராண்ட் கேட்பீர்கள். டிபி-லிங்க், யூகிரீன், ஓரிகோ போன்றவை எல்லாம் அடாப்டரோடு ஹப் விற்கின்றன. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கு நடுவிலேயே பெரிய வித்தியாசம் இருப்பதால், பெயரைவிட மேலே சொன்னவற்றைப் பார்த்து வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சோதியுங்கள். வேறு இடத்தில் பிரதி இருக்கிற, போனாலும் பரவாயில்லை என்கிற ஃபைல்களை 20, 30 ஜிபி அளவுக்குப் பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டே வெப்கேமையும் ஓட விடுங்கள். நடுவில் ஏதாவது துண்டிக்கும் சத்தம் வருகிறதா, ‘பவர் சர்ஜ்’ என்று எச்சரிக்கை வருகிறதா, அடாப்டர் கை வைக்க முடியாத சூடாகிறதா என்று பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம், கையை எடுக்க வைக்கிற சூடு சகஜமல்ல.

அந்தப் பழைய முந்நூறு ரூபாய் ஹப்பைத் தூக்கிப் போட வேண்டாம். கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் மூன்றையும் அதில் மாட்டினாலும் அது வருடக்கணக்கில் முகம் சுளிக்காமல் வேலை செய்யும். ஹார்ட்டிஸ்க்கை மட்டும் அதன் பக்கம் கொண்டு போகாதீர்கள். நேராகச் சொருகிய பிறகும் அந்த ‘டிக்’ வந்தால், டிஸ்க்கின் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் வந்தால் வேறு எதையும் செய்யாமல் முதலில் அதில் இருப்பதை இன்னொரு இடத்தில் நகல் எடுத்துவிட்டு எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்க்கலாம்.